மலைச்சரிவில் ஒரு பேதைமை

கண்டி வாவியின் தென்கரையை விட்டு மலையை வளைத்து மேலேறுகிறது இராஜபிகில்ல வீதி. அவ்வீதியில் ஓரிடத்தில் நின்று கீழே நோக்குவார்க்கு நகரம் ஒரே பார்வையில் அடங்கிவிடும். நடுவே வாவி, வாவியின் விளிம்பில் அலையலையாய் வளைந்தோடும் வெண்மதில், அதற்கப்பால் தலதா மாளிகையும் அதன் முன்னே எழுந்து நிற்கும் எண்கோண மண்டபமும், எதிர்மலையில் நகரைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் வெண்ணிறப் புத்தர். கண்டிக்கு வரும் உல்லாசப் பிரயாணிகள் காணவேண்டியவை என வழிகாட்டி நூல்கள் கூறுபவற்றுட் பெரும்பாலானவை இக்காட்சிக்குள் வந்துவிடுகின்றன. எஞ்சுவது பேராதனைப் பூங்கா ஒன்றே. ஆயினும் பிரயாணிகளை ஏற்றிவந்த வாகனங்கள் பல இவ்விடத்தோடு திரும்பிவிடாமல், மேலும் சிறிது தூரம் ஏறிச்சென்று, மரச்செறிவினூடே பாதி மறைந்து நிற்கும் ஒரு வீட்டின் வாயிலை நாடியதுண்டு. அவ்வீட்டிற் புனிதச் சின்னம் எதுவும் இல்லை. அரசர் எவரும் அங்கு வாழ்ந்ததில்லை. ஒருவர் தம் வீட்டைத் தம் மனம் போன போக்கில் அலங்கரித்து வைத்திருக்கிறார் என்பதைக் காண்பதற்காகவே தொலைதேசங்களிலிருந்தும் மக்கள் வந்தனர்.

அவ்வீட்டுக்கு ‘ஹெல்காஸ் பொலி’ என்று பெயர். ஹெல்காவின் பேதைமை என அதனைத் தமிழாக்கலாம். பொலி என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கட்டடக்கலையிலே தனிப்பொருள் ஒன்றுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் சீமான்கள் தங்கள் பூங்காக்களில் எதற்கும் உதவாத கோபுரங்களையும், கட்டும்போதே இடிந்தவையாகத் தோன்றுமாறு அமைத்த கோயில்களையும் எழுப்பினர். பயனற்ற செலவு என்று அயலார் நகைத்து இட்ட பெயரைக் காலப்போக்கிற் கட்டியவர்களே பெருமையோடு சூடிக்கொண்டனர். பேதைமை என்பது நமக்குத் திருக்குறளின் ஓர் அதிகாரத்துக்கே தலைப்பான சொல். அச்சொல்லைத் தன் வாயிலில் தானே எழுதி வைத்துக்கொள்ளும் துணிவு எல்லா வீட்டாருக்கும் வாய்ப்பதில்லை.

1930களிற் குடும்ப இல்லமாக எழுந்த அவ்வீடு பின்னர் ‘ஷலே’ என்ற பெயரில் விடுதியாக நடைபெற்றது. அதனைத் தன் கனவின் உருவமாக மாற்றியவர் அக்குடும்பத்தின் மகளான ஹெல்கா டி சில்வா. உள்ளே நுழைந்தவர் முதலிற் காண்பது வெற்றுச் சுவர் ஒன்றேனும் இல்லை என்பதையே. கடுநீலம், குங்குமச் சிவப்பு, பழுத்த மஞ்சள் எனத் தீட்டப்பட்ட சுவர்களின்மீது கொடிகளும் உருவங்களும் படர்ந்திருக்கும். அவற்றின்மேல் மங்கிய குடும்பப் புகைப்படங்களும் பத்திரிகை நறுக்குகளும். மான்கொம்புகள், பழைய கண்ணாடிகள், பொம்மைகள், வேலைப்பாடமைந்த நாற்காலிகள் ஆகியன எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாமல் நெருங்கி நிற்கும். கொத்துவிளக்குகளில் எரிந்த மெழுகு ஆண்டுக்கணக்கில் வழிந்து உறைந்து, குகைகளிற் காணப்படும் சுண்ணக்கூம்புகள் போலத் தொங்கும். அதனைச் சுரண்டித் துப்புரவாக்க வேண்டுமென்று அவ்வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை. தோன்றாமையே அவ்வீட்டின் அழகு. பிரித்தானிய இசைக்குழுவொன்று இங்கு தங்கிச் சென்றதன் நினைவாக ‘மடம் ஹெல்கா’ என்றொரு பாடலை 2003இல் வெளியிட்டது. அதன் பின்னர் அவ்வீட்டின் புகழ் மேலும் பரவியது. தங்குவதற்கு வசதி இல்லாதவரும் சிறு கட்டணம் செலுத்திச் சுற்றிப்பார்க்கலாம் என்ற ஏற்பாடும் இருந்தது.

அவ்வாறு கட்டணம் செலுத்தி ஒரு நாள் உள்ளே சென்றவர்களுள் இருவரை இங்கு குறிப்பிடுதல் வேண்டும். ஒருத்தி பேராதனைப் பல்கலைக்கழகத்திற் கலைப்பிரிவில் பயிலும் மாணவி. மற்றவள் அவளுடைய அம்மாயி. மலைநாட்டுத் தோட்டமொன்றில் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கொழுந்து பறித்து ஓய்ந்தவள். கண் வைத்தியத்துக்காகக் கண்டிக்கு வந்தவளை, கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலிற் கும்பிட வைத்துவிட்டு, மீதிப் பொழுதில் நகரைக் காட்டப் பேத்தி புறப்பட்டாள். மேட்டுவீதியில் மூச்சிரைத்தவள் பேத்தியேயன்றிக் கிழவி அல்லள். மலையேறுவது அவளுக்குப் பிழைப்பாக இருந்தது. வழியில் ஓரிடத்தில் நின்று கீழே வாவியைப் பார்த்து, “இம்புட்டுத் தண்ணிய யாரு கட்டுனா, புள்ள?” என்று கேட்டாள். “ராசா கட்டுனது அம்மாயி” என்றாள் பேத்தி. “ராசாவா கட்டுனாரு?” என்று கிழவி மீண்டும் கேட்டது வினாவன்று.

கண்டியின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் மதுரை நாயக்கர் வழியினன். கண்ணுச்சாமி என்பது அவனது இயற்பெயர். நெல்வயலாக இருந்த நிலத்தை அணைகட்டி அவன் வாவியாக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற் பதின்ம ஆண்டுகளிலாகும். இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தால் ஊர்ஊராக ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். உழவும் விதைப்பும் கெட, அரசனின் விளையாட்டுக்காக மண்சுமக்க வேண்டியதாயிற்று என்ற முணுமுணுப்பு எழுந்தது. மறுத்தவர்கள் வாவியின் படுகையிலேயே கழுவேற்றப்பட்டனர் என்ற செய்தி இன்றும் கண்டியில் வழங்குகிறது. அம்முணுமுணுப்பு அரசனின் வீழ்ச்சிக்கான காரணங்களுள் ஒன்று எனச் சொல்வதில் தவறில்லை. 1815 பெப்ரவரியிற் பிடிபட்ட அவன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். வாவியைச் சூழ அவன் எழுப்பத் தொடங்கிய மதிலைச் சிங்களத்தில் வலாகுளு பம்ம என்பர். முகில் மதில் என்பது பொருள். அது ஒருபோதும் முற்றுப்பெறவில்லை. வாவி, மதில், எண்கோண மண்டபம் ஆகியவற்றை வகுத்த தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பி, அரசன் போன பின்னர் ஆதரிப்பாரின்றித் தான் அமைத்த வாவியிலேயே மூழ்கி மாண்டான் என்றொரு கதையும் உண்டு. ஓர் அரசனின் பேதைமை என்று அவன் காலத்தவர் வெறுத்தது இருநூறு ஆண்டுகளில் ஒரு நகரின் முகமாகிவிட்டது. அஞ்சலட்டைகளில் அச்சாவது அதுவே. மண்சுமந்தவர்கள் அவ்வட்டைகளில் இல்லை.

பேதைமை இல்லத்தின் உரிமையாளர்கள் யாவர் என்பது வேறொரு சுவையான வரலாறு. ஹெல்காவின் தந்தை பிரெட் டி சில்வா கண்டியின் நகரபிதாவாகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கியவர். பிரான்சில் இலங்கைத் தூதுவராகவும் பணிபுரிந்தவர். அவருடைய தந்தை ஜோர்ஜ் ஈ. டி சில்வா வழக்கறிஞர். இலங்கைத் தேசிய காங்கிரஸின் தலைவர்களுள் ஒருவர். அரசாங்க சபைக் காலத்திற் சுகாதார அமைச்சராக இருந்தவர். இவை யாவும் பதவிகளின் பட்டியல். பதவி எதுவும் வகியாத ஒருவர் அக்குடும்பத்தில் இருந்தார். ஜோர்ஜின் மனைவி அக்னெஸ் டி சில்வா. பறங்கியர் குலத்திற் பிறந்து சிங்களவரை மணந்தவர்.

1927ஆம் ஆண்டு டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது, பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமெனக் கேட்பதற்காக அமைந்த சங்கத்தின் முன்னணியில் நின்றவர் அக்னெஸ். ஆணைக்குழுவின் முன் அச்சங்கத்தார் சாட்சியமளித்தபோது, தோட்டங்களில் வேலைசெய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் இவ்வுரிமையைக் கோருகிறீர்களா என்றொரு கேள்வி எழுந்தது. கேட்டவர்கள் தயக்கத்தை எதிர்பார்த்திருக்கக்கூடும். படித்த, வசதிபடைத்த பெண்கள் தங்களோடு கூலிப்பெண்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அக்காலத்தில் இயல்பான கணிப்பே. ஐயமென்ன, அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்ற கருத்தில் அக்னெஸ் விடையளித்தார். அச்சொல்லுக்கு எவ்வளவு வலிமை இருந்தது என அளந்து கூறல் அரிது. எனினும் 1931இல் இலங்கையில் ஆண் பெண் இருபாலாரும் இருபத்தொரு வயதில் வாக்களிக்கும் உரிமை பெற்றபோது, நிபந்தனைகளோடு என்றாலும், தோட்டத்துப் பெண்ணும் அதற்குள் வந்தாள். கொழுந்துக்கூடையை இறக்கிவைத்துவிட்டு வாக்களிக்கச் சென்ற அப்பெண்களில் எவரும் கண்டி வாவிக்கரையில் தமக்காக ஒரு குரல் இருந்ததை அறிந்திருப்பர் என்று தோன்றவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவ்வாக்கை அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டன என்பது பலரும் அறிந்தது.

அவ்வாக்குப் பறிபோன அதே ஆண்டுகளில் அக்னெஸின் மகள் மினெற் டி சில்வா கண்டியில் தம் முதல் வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். 1918இற் பிறந்த மினெற், கட்டடக்கலை பயில விரும்பிப் பம்பாய்க்குச் சென்றவர். காந்தியடிகளுக்காக நடைபெற்ற கிளர்ச்சியிற் கலந்துகொண்டதற்கு மன்னிப்புக் கோர மறுத்ததால் அங்கு பயின்ற கல்லூரியிலிருந்து விலக்கப்பட்டார். பின்னர் இலண்டனிற் படித்து, 1948இற் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் துணை உறுப்பினரானார். ஆசியப் பெண்களுள் அத்தகுதியை முதலிற் பெற்றவர் அவரே. இடையில் 1947இல் நவீன கட்டடக்கலைஞர்களின் அனைத்துலக மாநாட்டிற் சேலை உடுத்த இளம்பெண்ணாக அமர்ந்திருந்தார். பிரெஞ்சுக் கலைஞர் லெ கொர்புசியேயின் நட்பு அவருக்கு வாழ்நாள் முழுதும் நிலைத்தது. இத்தனைக்கும் பிறகு அவர் ஐரோப்பாவிலோ பம்பாயிலோ தங்கவில்லை. கண்டிக்குத் திரும்பி, வாவிக்கு மேலுள்ள ‘சென். ஜோர்ஜ்ஸ்’ என்ற தம் பெற்றோரின் வீட்டிலேயே பணிமனை அமைத்தார்.

1949 முதல் 1951 வரையில் எழுந்த கருணாரத்ன இல்லம் அவரது முதற் படைப்பு. கண்டி மலைச்சரிவிற் படிப்படியாக இறங்கும் அவ்வீட்டிற் கொங்கிறீற்றும் கண்ணாடியும் உண்டு; கிராமத்துக் குயவர் சுட்ட ஓடுகளும் தும்பறை நெசவும் உண்டு; கண்டியிற் பிறந்த ஓவியர் ஜோர்ஜ் கீற் தீட்டிய சுவரோவியமும் உண்டு. தும்பறைப் பாய் நெய்வோர் சமூகப் படிநிலையில் மிகத் தாழ்த்தி வைக்கப்பட்டவர்கள் என்பதை நினைத்தால், அவர்தம் கைவேலையை நவீன வீட்டின் அங்கமாக்கியதன் பொருள் விளங்கும். அதனை விநோதம் என்று எவரும் சொல்லார். மலை எப்படிச் சரிகிறதோ அப்படி வீடு இறங்கும். மழை எப்பக்கம் அடிக்கிறதோ அப்பக்கம் இறவாரம் நீளும். ‘நவீன வட்டாரக் கட்டடக்கலை’ என இம்முறைக்கு அவர் பெயரிட்டார். மேற்குநாட்டு விமரிசகர்கள் இத்தகைய கருத்தைப் பெரிதாகப் பேசத்தொடங்க அதன்பின் முப்பதாண்டுகள் சென்றன. பேராதனையில் நாள்தோறும் நடமாடுவோர்க்கு இது தொடர்பாக இன்னொன்றும் நினைவுக்கு வரலாம். பல்கலைக்கழகத்தைக் கட்டிய ஷேர்லி டி அல்விஸ் கொங்கிறீற்றுக் கட்டடங்களுக்குக் கண்டிக் கூரையும் சந்திரவட்டக் கல்லும் அளித்தார். மினெற்றோ உருவத்தை எடுக்காமல் வாழ்முறையை எடுத்தார். இரண்டுள் எது ஏற்றமுடையது என்பது விரிவுரை மண்டபங்களில் தீராத வழக்காக இருக்கலாம்; பின்னதே கடினமானது என்பதில் ஐயமில்லை.

அதனினும் கடினமான பணியொன்றை அவர் 1950களின் பிற்பகுதியில் மேற்கொண்டார். கண்டியை அடுத்த வட்டப்புளுவவில் அரசாங்க ஊழியர்களுக்கென வீடமைப்புத் திட்டமொன்று வகுக்கப்பட்டது. ஏறக்குறைய இருநூற்றைம்பது வீடுகள். ஒரே படத்தை வரைந்து அத்தனை தடவை திருப்பிக் கட்டுவதே அன்றும் இன்றும் வழக்கம். மினெற் அதற்கு மாறாக, குடியேற இருந்தவர்களிடம் வினாக்கொத்துகளை அளித்தார். எத்தனை பேர் வாழ்வீர்கள், எங்கு சமைப்பீர்கள், எங்கு வழிபடுவீர்கள், வீட்டுக்கு எவ்வளவு செலவிட இயலும் என்று கேட்டார். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் அவர்களுள் இருந்தனர். கிடைத்த விடைகளிலிருந்து வீட்டு வகைகள் சில உருவாயின; ஒவ்வொரு குடும்பமும் தனக்கு ஏற்றதைத் தேர்ந்து, தேவைக்கேற்ப மாற்றியும் கொண்டது. எப்படிப்பட்ட வீட்டில் வாழ விரும்புகிறீர் என்ற அந்த ஒரு கேள்வி இந்நாட்டில் எத்தனை பேரிடம் கேட்கப்பட்டிருக்கும் என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

இன்று வட்டப்புளுவவைக் காண எந்த வாகனமும் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிச் செல்வதாகத் தெரியவில்லை. கருணாரத்ன இல்லத்தையும் வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. சென். ஜோர்ஜ்ஸ் வீடு மினெற்றின் முதுமைக் காலத்திலேயே சிதைந்து காடேறத் தொடங்கியது. இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகம் 1996இற் பொற்பதக்கம் அளித்துக் கௌரவித்தபோது அவருக்கு வயது எழுபத்தெட்டு. கையில் வேலை இல்லை. 1998 நவம்பரிற் கண்டியிற் காலமானார். அவர் தம் வாழ்வையும் பணியையும் பற்றித் தொகுத்த பெருநூல் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. அத்தையின் வீடுகள் மறக்கப்பட, அதே மலையில் மருமகளின் வீடு உலகப்புகழ் பெற்றது. இதனைக் கொண்டு மருமகளைக் குறைகூறுதல் நேர்மையாகாது. பழைய புகைப்படங்களையும் நறுக்குகளையும் சுவரெங்கும் ஒட்டி அக்குடும்பத்தின் கதையை அழியாது வைத்திருந்தது அவ்வீடேயாகும். நல்லறிவு கட்டிய வீடு நாள்தோறும் பயன்பட்டுத் தேய்ந்துபோக, பேதைமை கட்டிய வீடு காட்சியாகி நிலைப்பது கண்டிக்கு மட்டும் உரிய விந்தையுமன்று.

லெ கொர்புசியே திட்டமிட்ட சண்டிகர் நகரத்தை எடுத்துக்கொள்ளலாம். நேர்கோடும் கணக்கும் ஆட்சிசெய்யும் அந்நகரின் ஓரத்தில், பொதுப்பணித் துறையில் வீதிப் பரிசோதகராக இருந்த நேக் சந்த் என்பவர் 1950களின் இறுதியிலிருந்து இரவு வேளைகளில் இரகசியமாகக் கற்களையும் உடைந்த வளையல்களையும் பீங்கான் ஓடுகளையும் சேர்த்து உருவங்கள் செய்து வந்தார். பிரிவினையின்போது தம் ஊரை இழந்து வந்தவர் அவர். புதிய நகருக்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் இடிபாடுகளே அவருக்கு மூலப்பொருளாயின. அனுமதியின்றி அரச நிலத்தில் எழுந்த அந்த உலகம் அதிகாரிகளின் கண்ணிற் பட்டபோது அதனை இடித்துவிடும் பேச்சும் எழுந்தது. மக்கள் திரண்டு பார்க்கத் தொடங்கியதால் அது தப்பி, 1976இற் பொதுவிடமாகத் திறக்கப்பட்டது. இன்று சண்டிகருக்குச் செல்வோர் கொர்புசியேயின் சட்டமன்றத்தைக் காணாவிடினும் நேக் சந்தின் பாறைப் பூங்காவைக் காணாது திரும்புவதில்லை. பிரான்சில் தபாற்காரர் பெர்டினண்ட் செவால் வழியிற் பொறுக்கிய கற்களைக் கொண்டு 1879 முதல் முப்பத்துமூன்று ஆண்டுகள் தனியொருவராய் எழுப்பிய மாளிகையின் கதையும் இத்தகையதே. 1969இல் அது தேசியச் சின்னமாயிற்று. இவர்கள் இருவரும் சீமான்கள் அல்லர். ஆயினும் செவாலுக்குச் சொந்தமாக ஒரு காணித்துண்டு இருந்தது; நேக் சந்துக்கு எவரும் எட்டிப்பாராத ஒரு காடு இருந்தது. மனம் போன போக்கில் ஒன்றைக் கட்டுவதற்கு மனம் மட்டும் இருந்தாற் போதாது. கால் ஊன்ற நிலமும், கலைத்துவிடுவார் இல்லாத காலமும் வேண்டும்.

கண்டியைச் சூழ்ந்த மலைகளில் அவ்விரண்டும் இல்லாதவர் கட்டிய வாழ்வு ஒன்று உண்டு. கம்பளைப் பக்கத்தில் 1820களிற் கோப்பித் தோட்டம் தொடங்கியது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். கோப்பி போய்த் தேயிலை வந்தது. வெள்ளைத்துரை போய் அரச கூட்டுத்தாபனம் வந்தது. பின்னர் கம்பனிகள் வந்தன. லயம் மட்டும் மாறவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவு பலருக்குப் பாடமாகவே தெரியும். முன்னே ஓர் இஸ்தோப்பு, பின்னே ஒரு காம்பரா, தலைக்குமேல் தகரம். ஒருவர் வீட்டு இருமல் நான்கு வீடுகளுக்குக் கேட்கும். அங்கே கட்டடக்கலைஞர் எவரும் வினாக்கொத்துக் கொண்டு வந்ததில்லை. வாழ்ந்தவருக்கு அச்சுவர் சொந்தமுமில்லை. வேலை போனால் வீடும் போகும். அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் என்ற திட்டங்களினாற் சிலர் லயத்தைவிட்டு வெளியேறியுள்ளனர். பெரும்பாலோர் இன்னும் அங்கேயே உள்ளனர். அதே காலத்தில் துரைமார் பங்களாக்கள் விலையுயர்ந்த விடுதிகளாயின. 1925இற் கட்டப்பட்ட ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை நூதனசாலையாயிற்று. மலைவழி நடைப்பயணம் வரும் வெளிநாட்டார் லயங்களின் முன்னும் நின்று படம் பிடித்துச் செல்கின்றனர். காட்சிப்பொருளாவதற்கு வீட்டாரின் சம்மதத்தை எவரும் கேட்பதில்லை. பேதைமை இல்லத்தில் வாங்கியது போலக் கட்டணமும் இல்லை.

ஆனால் லயத்துக்குள் நுழைந்து பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். வெற்றுச் சுவர் அங்கும் இராது. பழைய நாட்காட்டித் தாள்களிலிருந்து முருகனும் மாரியம்மனும், சினிமாப் பத்திரிகைகளிலிருந்து வெட்டிய எம்.ஜி.ஆரும் சிவாஜியும், கலியாணப் படங்கள், பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ்கள், இறந்தவரின் மாலையிட்ட உருவம், பண்டிகைக்கு வாங்கிய கடதாசிப் பூ. இடம் போதாமையால் ஒன்றன்மேல் ஒன்றாக அவை நெருங்கியிருக்கும். அலங்காரம் என்று அதற்கு எவரும் பெயர் வைத்ததில்லை. பெயர்ந்த சுண்ணாம்பை மறைப்பதும், தம் கதையைச் சுவரில் எழுதி வைப்பதும் அங்கு ஒரே வேலையாக நடந்திருக்கிறது.

இராஜபிகில்ல மேட்டு வீட்டினுள் நின்ற கிழவிக்கு முதலில் அச்சமே எழுந்தது. மான்கொம்புகளையும் வழிந்த மெழுகையும் கண்டு, “செய்வினை வச்ச வூடு மாதிரி இருக்கே” என்று பேத்தியின் காதோடு சொன்னாள். பேத்தி சிரித்தாள். பின்னர் புகைப்படங்கள் நிறைந்த சுவரொன்றின் முன் கிழவி நெடுநேரம் நின்றாள். தொப்பியணிந்த ஆண்கள், சேலையுடுத்த பெண்கள், குழந்தைகள். அவர்களுள் எவரையும் அவள் அறியாள். பேத்தி விரலால் ஒவ்வொன்றாகக் காட்டி, தான் வாசித்து அறிந்ததைச் சொல்லிவந்தாள். தோட்டத்துப் பொம்பளைகளுக்கும் ஓட்டு வேணும் என்று அந்தக் காலத்திலேயே கேட்ட ஓர் அம்மாளின் குடும்பம் இது என்றாள். கிழவி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. தன் தாய் ஒரேயொரு முறை ஓட்டுப்போட்டதாகவும், அதற்குப் பிறகு பெயர் வரவில்லை என்றும் சின்ன வயதிற் கேட்டிருந்தாள். அந்த அம்மாள் எந்தப் படத்தில் இருக்கிறாள் என்று மட்டும் கேட்டாள். பேத்திக்கு அது தெரியவில்லை.

அடுத்த அறை முழுதும் நீலம். கிழவி சுவரைக் கையால் தொட்டுப் பார்த்தாள். அவளும் ஒரு முறை நீலம் பூசியவள். மூத்த மகளைப் பெண்பார்க்க வருகிறார்கள் என்று, தலைத்தீபாவளிக்கு வைத்திருந்த காசில் நீலக்கட்டி வாங்கிச் சுண்ணாம்பிற் கரைத்துக் காம்பராச் சுவரை இரவோடிரவாகப் பூசினாள். மறுநாள் கணக்கப்பிள்ளை வந்து, லயம் முழுக்க வெள்ளையாக இருக்க ஒரு வீடு மட்டும் இப்படி இருக்கலாமா, யாரைக் கேட்டு அடித்தாய் என்று பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னிலையிலும் ஏசினான். பெண்பார்க்க வந்தவர்கள் போன அன்று மாலையே அவள் அதன்மேல் வெள்ளை பூசவேண்டியதாயிற்று. இக்கதையைப் பேத்தி முன்பு கேட்டதில்லை.

“இந்த வூட்டு அம்மா யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல போல” என்றாள் கிழவி.

“அவங்க சொந்த வீடு அம்மாயி.”

“அதத்தான் சொல்றேன்.”

வெளியே வரும்போது, இங்கு நாலைந்து படம் பிடித்துக்கொள்ளலாமா என்று பேத்தி கேட்டாள். கிழவி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நீலச் சுவரோரமாகப் போய் நின்றாள். முதற் படத்தில் அவள் கண்களை மூடிவிட்டாள். இரண்டாவது முறை எடுக்க வேண்டியிருந்தது. மழை இருட்டிக்கொண்டு வந்ததால் இருவரும் விரைவாகக் கீழிறங்கினர். பஸ் நிலையத்திற் சனம் நெரிந்தது. ஏறி அமர்ந்ததும் கிழவி அந்தப் படத்தைத் திரும்பவும் காட்டச் சொன்னாள். பார்த்துவிட்டு, இதைக் கடதாசியிற் போட்டுத் தர எவ்வளவு ஆகும் என்று விசாரித்தாள். வாசற்கதவுக்கு நேரே, பேத்தி பல்கலைக்கழகம் புகுந்த ஆண்டு எடுத்த படத்துக்குப் பக்கத்திற் கொஞ்சம் இடம் இருக்கிறதாம்.